ஸ்லீவ், பைபாஸ் முடிந்தபின் லோ கார்ப்: எந்த அளவு, எந்த மாதத்தில், யாருக்கு

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புபவர்களிடம் இரண்டு உணவுப் பட்டியல்கள் சேர்ந்துவிடும். ஒன்று மருத்துவமனை டயட்டீஷியன் கொடுத்தது: நாளுக்கு 60 கிராம் புரதம், சிறு அளவில் இட்லி, சாதம், காய். இன்னொன்று வாட்ஸ்அப்பில் வந்தது: காலையில் பட்டர் டீ, மதியம் பனீர், இரவு முட்டை, சோறு அறவே கூடாது. கூடவே, இதைக் கடைப்பிடித்து 20 கிலோ குறைத்த ஒன்றுவிட்ட அண்ணன் கதையும் வரும். அந்த அண்ணனுக்கு முழு இரைப்பை இருக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

லோ கார்ப் என்பதற்கு ஒரே அளவு கிடையாது. நாளுக்கு 130 கிராமுக்குக் குறைவாக மாவுச்சத்து எடுத்தால் பொதுவாக லோ கார்ப் என்பார்கள். அதை 20 முதல் 50 கிராமுக்குள் சுருக்கினால் கீட்டோ. நம் ஊரில் பேலியோ என்ற பெயரில் பரவியிருப்பதும் நடைமுறையில் இந்த இரண்டாவது வகைதான்: தானியம், பருப்பு, சர்க்கரை, பழம் எல்லாம் விலக்கு, வயிறு நிரம்பக் கொழுப்பு. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் முன்னால் ஆக மூன்று வழிகள் இருக்கின்றன. எல்லாம் சேர்ந்த தட்டில் புரதத்தை முதலில் சாப்பிட்டு, மாவுச்சத்தை 100–130 கிராமில் வைப்பது ஒன்று. அதை 50–90 கிராமுக்கு இறக்குவது இரண்டு. கீட்டோ மூன்று. எடை திரும்ப ஏறியவர்களுக்கு ‘பௌச் ரீசெட்’ என்று நாலாவது ஒன்றும் விற்கப்படுகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

எது சரி என்பதை முடிவு செய்வது மாவுச்சத்தின் அளவு மட்டுமல்ல. அறுவை சிகிச்சை நடந்து எத்தனை மாதம் ஆகிறது, செய்தது ஸ்லீவா (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டியெடுப்பது) பைபாஸா (இரைப்பையில் சிறு பை அமைத்துக் குடலின் ஒரு பகுதியைத் தாண்டி இணைப்பது), முட்டையும் மீனும் சாப்பிடுவீர்களா, சர்க்கரைக்கு எந்த மாத்திரை போடுகிறீர்கள் என்ற நான்கும்தான்.

முதல் ஆறு மாதம்

இந்தக் காலத்தில் கார்ப் எண்ணுவது வீண் வேலை. ஸ்லீவில் இரைப்பையின் 75 முதல் 80 சதவீதத்தை எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது 100–150 மி.லி. கொள்ளும் ஒரு குழாய். ரூ-என்-ஒய் பைபாஸில் உணவு வந்து விழும் பை ஏறத்தாழ 30 மி.லி. தான். தொடக்க மாதங்களில் ஒரு நாள் முழுக்க உள்ளே போவதே 500–800 கலோரி. அதில் 60 கிராம் புரதத்துக்கு 240 கலோரி, சமையலில் சேரும் கொழுப்பு 25 கிராமுக்கு 225 கலோரி போனால், மாவுச்சத்துக்கு இடம் 50 கிராமை ஒட்டியே இருக்கும். கீட்டோ அளவை உடல் தானாகவே எட்டியிருக்கும். கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் சிறுநீரில் பார்த்தால் தென்படும். இதற்கு மேல் மாவுச்சத்தைக் குறைத்துக் கிடைக்கப்போவது எதுவும் இல்லை.

புரதம் குறைந்தால் இழப்பு பெரிது. ஒரு வேளைக்கு நாலு மேசைக்கரண்டி, சுமார் 60 கிராம் உணவுதான் இறங்கும் என்று வைத்துக்கொள்வோம். அந்த 60 கிராமும் ரசம் சாதமானால் கிடைக்கும் புரதம் ஒன்றரை கிராம்கூட இருக்காது. ஒரு முட்டையானால் 6 கிராம். முள் நீக்கிய மீனானால் 12 கிராம். அதே இடம், எட்டு மடங்கு வித்தியாசம். புரதம் போதாமல் போனால் குறையும் எடையில் தசையின் பங்கு கூடும், கால் வீங்கும், இரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் இறங்கும். மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை முடி கொட்டுவது வேகமான எடைக்குறைவால் பலருக்கும் வருவதுதான், ஆனால் புரதமும் இரும்பும் குறைந்தவர்களுக்கு அது நீண்டுகொண்டே போகும். எனவே இந்த ஆறு மாதத்துக்கு எண்ண வேண்டியவை இரண்டே: புரதம் 60–80 கிராம், தண்ணீர் குறைந்தது ஒன்றரை லிட்டர்.

நம் வீடுகளில் கணக்கு தவறுவது முதல் இரண்டு வாரத் திரவ உணவிலேயே. ‘வயிற்றுக்கு லேசாக’ என்று கேழ்வரகுக் கூழ், அரிசிக் கஞ்சி, இளநீர், சாத்துக்குடி ஜூஸ் வந்து நிற்கும். 30 கிராம் கேழ்வரகு மாவில் காய்ச்சிய கூழில் மாவுச்சத்து 20 கிராம், புரதம் 2 கிராம். பருப்பை வேகவைத்து வடித்த தண்ணீரில் புரதம் இருப்பதாக ஒரு நம்பிக்கை; புரதம் அடியில் தங்கும் பருப்பில் இருக்கிறது, மேலே தெளிந்த நீரில் பேருக்குத்தான் உண்டு. இந்த வாரங்களில் புரதப் பவுடர் இல்லாமல் கணக்கு முடியாது. 30 கிராம் கொண்ட ஒரு ஸ்கூப் வே புரதத்தில் (பாலிலிருந்து பிரித்தெடுப்பது) 22–24 கிராம் புரதம், 2–3 கிராம் மாவுச்சத்து இருக்கும். அதை 200 மி.லி. தண்ணீரிலோ ஆறிய பாலிலோ கரைத்து, 30–45 நிமிடம் உறிஞ்சிக் குடிக்க வேண்டும். கொதிக்கும் பாலில் போட்டால் திரிந்து கட்டி தட்டும். அந்தக் கட்டிதான் வாந்திக்குக் காரணமாகிறது. பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்புபவர்கள் ‘ஐசோலேட்’ என்று லேபிளில் உள்ளதை வாங்கலாம், அதில் பால்சர்க்கரை மிகக் குறைவு. வடிகட்டிய உப்பு மோர், காரமில்லாத தெளிவு ரசம், எலும்பு சூப் எல்லாம் தண்ணீர்க் கணக்குக்கு உதவும், புரதக் கணக்குக்கு அல்ல.

மூன்றாம், நான்காம் வாரம் மசித்த உணவு. ஐந்திலிருந்து எட்டாம் வாரம் வரை மென்மையான உணவு. அதன்பின் மெல்ல வழக்கமான உணவு. மருத்துவமனைக்கு மருத்துவமனை இந்த வாரங்கள் சற்று மாறும். உங்களுக்குச் சொன்னதையே பின்பற்றுங்கள். மூன்றாம் வாரத்தை ஒட்டி எடை இயந்திரம் நின்றுவிடும். பயந்துபோய்ப் பலர் கீட்டோவுக்குத் தாவுவது இங்கேதான். முதல் வாரங்களில் வேகமாக இறங்கியதில் ஒரு பகுதி கல்லீரலிலும் தசையிலும் சேமிப்பாக இருந்த கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தும், அதன் ஒவ்வொரு கிராமோடும் ஒட்டியிருந்த சுமார் 3 கிராம் நீரும். அது தீர்ந்ததும் உடல் நீரைச் சமன்செய்துகொள்கிறது, எடை சில நாள் அசையாது. எதையும் மாற்ற வேண்டாம், தானாக இறங்கும்.

மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைப்பதற்கு உண்மையிலேயே வலுவான இடம் அறுவைக்கு முந்தைய இரண்டு வாரம். பருமன் உள்ளவர்களுக்குக் கல்லீரலின் இடது மடல் கொழுப்பேறி இரைப்பையை மூடிக்கொண்டிருக்கும். 800–1000 கலோரியில் புரதம் மிகுந்த, மாவுச்சத்து குறைந்த உணவு எடுத்தால் கல்லீரல் சுருங்கி, லேப்ராஸ்கோப்பியில் அதைத் தூக்கிப் பிடிப்பது எளிதாகிறது. அந்த இரண்டு வாரக் கட்டுப்பாட்டை அப்படியே அறுவைக்குப் பின்னும் நீட்ட வேண்டும் என்று எண்ணிக்கொள்வது தவறு.

ஆறு மாதத்துக்குப் பிறகு: 100–130 கிராமா, 50–90 கிராமா

வேளைக்கு ஒரு கப் அளவு இறங்கத் தொடங்கியதும்தான் இந்தக் கேள்விக்கு அர்த்தம் வருகிறது. முதலில் நம் உணவின் எண்களைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சமைத்த சாதம் 100 கிராமில் மாவுச்சத்து 28 கிராம். நடுத்தர இட்லி ஒன்றில் சுமார் 8, சாதா தோசை ஒன்றில் 18–20, 30 கிராம் மாவில் சுட்ட சப்பாத்தியில் 20. கெட்டியாக வெந்த துவரம்பருப்பு 100 கிராமில் மாவுச்சத்து 20, புரதம் 7. வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் 27, புரதம் 8–9. சர்க்கரை சேர்க்காத பால் 200 மி.லி.யில் 9–10. சிறுதானியம் என்றால் மாவுச்சத்து குறைவு என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்: தினை, சாமை, வரகு எல்லாம் பச்சையாக 100 கிராமுக்கு 60–66 கிராம், அரிசி 78. நார் சற்றுக் கூட உண்டு, ஆனால் சாமைச் சோற்றைக் கிண்ணம் நிறையப் போட்டுக்கொள்ள அது அனுமதி ஆகாது.

முதல் வழியில் காலை இரண்டு இட்லி, மதியம் 100 கிராம் சாதம், இரவு ஒரு தோசை இருக்கும். இவற்றோடு பருப்பு, பால், காய், ஒரு துண்டு பழம். கூட்டினால் 110–120 கிராம். வேளைதோறும் புரதத்தை முதலில் முடித்தால் இதிலேயே பெரும்பாலானவர்களுக்கு எடை இறங்கும். வீட்டில் எல்லோருக்கும் சமைப்பதையே சாப்பிடலாம் என்பதால் வருடக்கணக்கில் தொடர முடிவது இதன் பெரிய பலம். சிக்கல் எங்கே வருகிறதென்றால், இட்லியும் தோசையும் வயிற்றில் இடம்பிடித்தபின் புரதத்துக்கு இடம் இராது. தட்டில் மீன் இருக்கும், ஆனால் பாதியில் வயிறு ‘போதும்’ என்றுவிடும்.

இரண்டாவது வழியில் ஒரு நாளைப் பார்ப்போம், அசைவம் சாப்பிடும் ஒருவருக்கு. காலை இரண்டு முட்டையில் பொடிமாஸ், ஒரு இட்லி. பதினொரு மணிக்கு ஒரு ஸ்கூப் வே. மதியம் குழம்பிலிருந்து எடுத்த மீன் 100 கிராம், பொரியல் 60 கிராம், சாதம் 50 கிராம். மாலையில் அவித்த வேர்க்கடலை 25 கிராம். இரவு கோழி 75 கிராம், கீரை 60 கிராம், தயிர் 100 கிராம். புரதம் 85–90 கிராம், மாவுச்சத்து 50 கிராமை ஒட்டி. இது சிரமமே இல்லாமல் நடக்கிறது. இன்னும் இரண்டு இட்லிக்கு இடமும் இருக்கிறது.

முட்டைகூடச் சாப்பிடாதவருக்கு அதே நாள்: காலை 30 கிராம் பாசிப்பயறு ஊறவைத்து அரைத்த ஒரு பெசரட்டு. பதினொரு மணிக்கு வே. மதியம் பனீர் 75 கிராம், பொரியல், சாதம் 50 கிராம், கெட்டிப் பருப்பு 50 கிராம். மாலை பால் 150 மி.லி. இரவு 25 கிராம் உலர்ந்த மீல்மேக்கரை வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து வதக்கியது, தயிர் 100 கிராம். புரதம் 71 கிராம், மாவுச்சத்து 70 கிராம். இந்தக் கணக்கிலிருந்து வே ஸ்கூப்பை எடுத்துவிட்டால் புரதம் 47-க்கு விழுந்துவிடும். அதை ஈடுகட்டப் பருப்பைக் கூட்டுகிறேன் என்றால், 60 கிராம் புரதமும் பருப்பிலிருந்தே வர 850 கிராம் வெந்த பருப்பு வேண்டும்; கூடவே 170 கிராம் மாவுச்சத்து வரும்; வயிற்றில் அதற்கு இடமும் இல்லை. சைவர்களுக்கு லோ கார்ப் என்பது உண்மையில் ‘பவுடர், பனீர், டோஃபு, மீல்மேக்கர் நான்கையும் மாற்றி மாற்றிச் சாப்பிட ஒப்புக்கொள்கிறேனா’ என்ற கேள்விதான். ஒப்பவில்லை என்றால் முதல் வழியிலேயே இருங்கள். 70 கிராமுக்குக் கீழே இறங்க முயன்றால் குறையப்போவது புரதமாகத்தான் இருக்கும்.

எடைக்கணக்கில் இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவு? அறுவை செய்யாதவர்களிடம் நடந்த பெரிய ஒப்பீடுகளில் ஒன்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டாகப் பிரித்து நடத்தி 2018-இல் வெளியிட்டது. 12 மாத முடிவில் கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தார்கள். இரு சாராரும் சர்க்கரையையும் மைதாவையும் விட்டிருந்தார்கள். அதனால் ‘சோற்றை நிறுத்தினால் இரட்டிப்பு வேகம்’ என்ற வாக்குறுதியை நம்ப வேண்டாம். இரண்டாம் வழியை நாம் பரிந்துரைப்பதற்குக் காரணம் வேகம் அல்ல: அதில் புரதத்துக்கு இடம் கிடைக்கிறது, ஒரு வேளையில் விழும் மாவுச்சத்து 30 கிராமைத் தாண்டுவதில்லை. இந்த 30 என்ற எண் பைபாஸ்காரர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பது டம்பிங் (உணவு சிறுகுடலில் திடீரென இறங்குவதால் வரும் தொல்லை) பற்றிப் பேசும்போது விளங்கும்.

அளவைப்போலவே பதமும் கவனிக்க வேண்டியது. உதிரியான சோறு, மெத்தென்ற பிரெட், பரோட்டா, சப்பாத்தி எல்லாம் சிறிய வயிற்றில் பந்தாகத் திரண்டு அடைத்துக்கொள்ளும்; நெஞ்சில் நிற்பதுபோல் வலித்து, நுரை நுரையாக உமிழ்நீர் மேலே வரும். முறுகலான மெல்லிய தோசை பலருக்கு ஒத்துக்கொள்கிறது. மறுமுனையில் குழையப் பிசைந்த தயிர்சாதம், பொரி, ரஸ்க், முறுக்கு, மிக்சர்: இவை வாயிலேயே கரைந்து வழுக்கிக்கொண்டு போய்விடும், வயிறு நிறைந்த உணர்வே வராது. அரை மணி நேரத்தில் 400 கலோரி போனது தெரியாது. எடை திரும்ப ஏறியவர்களின் உணவுக் குறிப்பைப் பார்த்தால் பெரும்பாலும் மாட்டுவது மதியச் சோறு அல்ல, மாலை நாலு மணிக்கு டீயோடு போகும் இந்த மொறுமொறு வகையறாதான். டீயோடு என்பதையும் கவனியுங்கள்: சாப்பிடும்போதும் சாப்பிட்டு 30 நிமிடத்துக்கும் திரவம் குடித்தால் உணவு சீக்கிரம் கீழே இறங்கி, மறுபடி பசிக்கும்.

கீட்டோ, பேலியோ: என்ன கிடைக்கும், என்ன கெடும்

பசி மட்டுப்படும், சர்க்கரை அளவு இறங்கும், முதல் வாரத்தில் ஒன்றிரண்டு கிலோ குறையும். மூன்றும் உண்மை. மூன்றாவதில் பெரும்பகுதி நீர் என்பதும், ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாட்டில் அது திரும்பிவிடும் என்பதும் உண்மை.

பேலியோவின் புகழ்பெற்ற காலை உணவு 100 பாதாம். எடைபோட்டால் 120 கிராம், ஏறத்தாழ 700 கலோரி, புரதம் 25 கிராம். அறுவை செய்தவருக்கு ஒரு வேளையில் இறங்காது. இறங்கினாலும் அன்றைய கலோரியில் பாதியோ அதற்கு மேலோ அதிலேயே முடிந்துவிடும். பட்டர் டீயும் அப்படித்தான்: திரவமாகப் போகும் கொழுப்பு சிறிய வயிற்றை நிரப்புவதே இல்லை. முழு இரைப்பை உள்ளவருக்கு வயிறு நிறைந்த உணர்வைத் தருவது கொழுப்பு. உங்களுக்கு அந்த வேலையைச் செய்யத்தான் அறுவை சிகிச்சை. சைவர் கீட்டோ செய்தால் நாளுக்கு 300 கிராம் பனீர் வரை போகும். புரதம் 54 கிராம்தான் கிடைக்கும், கலோரி 800–900.

பைபாஸ் செய்தவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு கேடு உண்டு. குடலில் உறிஞ்சப்படாத கொழுப்பு கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கால்சியத்தோடு சேர்ந்து வெளியேற வேண்டிய, உணவிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள் தனித்துவிடப்பட்டு இரத்தத்துக்குள் போய்ச் சிறுநீரகத்தில் கல்லாகிறது. பாதாமிலும் பாலக் கீரையிலும் ஆக்சலேட் மிக அதிகம். கொழுப்பு மிகுந்த உணவு, பாதாம் மாவு ரொட்டி, போதாத தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் கல் உருவாக எல்லாம் கூடிவந்துவிடும். 150–200 செ.மீ. குடலைத் தாண்டி இணைக்கும் மினி பைபாஸில் கொழுப்பு உறிஞ்சுதல் இன்னும் குறைவு. நெய்யும் வெண்ணெயும் கூடினால் எண்ணெய் மிதக்கும், நாற்றமடிக்கும் வயிற்றுப்போக்கு வரும். கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் அதோடு வீணாகும். ஸ்லீவ் செய்தவர்களுக்கு இது குறைவு, ஆனால் அவர்களுக்கு நெஞ்செரிச்சல் இயல்பாகவே கூடுதல்; கொழுப்பு இரைப்பையில் அதிக நேரம் தங்கி அதை மோசமாக்கும்.

தண்ணீர் இன்னொரு சிக்கல். கீட்டோவில் சிறுநீரகம் உப்பையும் நீரையும் கூடுதலாக வெளியேற்றும். முழு வயிறு உள்ளவர் ஒரு சொம்பு குடித்துச் சரிசெய்துகொள்வார். நீங்கள் மிடறு மிடறாகத்தான் குடிக்க முடியும். தலைசுற்றல், கெண்டைக்கால் பிடிப்பு, மலச்சிக்கல் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். இரத்த அழுத்த மாத்திரை, குறிப்பாக நீர் பிரியும் மாத்திரை போடுபவர்கள் அளவைக் குறைக்காமல் கீட்டோ தொடங்கினால் எழுந்து நிற்கும்போது கண் இருட்டும்.

கீட்டோ அறவே கூடாது என்று சொல்ல வேண்டிய ஒரு கூட்டம் உண்டு: டபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின், கனாக்லிஃப்ளோசின் போன்ற, பெயர் ‘ஃப்ளோசின்’ என்று முடியும் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள். சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளும் இந்த மாத்திரையோடு மாவுச்சத்தும் இல்லாமல் போனால், கீட்டோன் கட்டுமீறி ஏறி இரத்தம் அமிலமாகும். இதில் ஏமாற்றுவது என்னவென்றால் குளுக்கோமீட்டரில் சர்க்கரை 250-க்குக் கீழேயே காட்டும். ‘சர்க்கரை நார்மல்தானே’ என்று வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு என்றால் சர்க்கரை எண்ணைப் பார்த்து நிம்மதி அடையாமல் அவசரப் பிரிவுக்குப் போய், இந்த மாத்திரையின் பெயரைச் சொல்ல வேண்டும். க்ளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு ஆபத்து எதிர்த்திசையில்: மாவுச்சத்தைக் குறைத்த அன்றே தாழ்சர்க்கரை வரலாம். இரண்டாம் வழிக்கு மாறுவதாக இருந்தாலும் இவர்கள் மருத்துவரிடம் அளவைக் குறைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் கீட்டோ யாருக்குப் பொருந்தும்? ஸ்லீவ் செய்து ஒரு வருடம் தாண்டியவர், முட்டை, மீன், கோழி தாராளமாகச் சாப்பிடுபவர், சிறுநீரகக் கல் வராதவர், மேற்சொன்ன மாத்திரைகள் இல்லாதவர், சர்க்கரை நோய் இன்னும் கட்டுக்குள் வராதவர். அவருக்குக்கூட அது கொழுப்பு கூட்டிய கீட்டோவாக இருக்க வேண்டியதில்லை. புரதம் 80–90 கிராம், சமையல் எண்ணெய் வழக்கமான அளவு, மாவுச்சத்து 40 கிராம் என்றால் போதும். கடையில் ‘கீட்டோ’ என்று விற்கும் பிஸ்கட்டும் சர்க்கரையில்லா இனிப்பும் வேண்டாம். மால்டிட்டால், சார்பிட்டால் என்ற இனிப்பூட்டிகள் சேர்ந்த அவை வயிற்றைக் கலக்கி, டம்பிங்கா வேறு ஏதாவதா என்று குழப்பிவிடும்.

டம்பிங் உள்ளவர்களுக்கு மட்டும் விடை வேறு

பைபாஸ் செய்தவர்களுக்கு அதிகமாகவும், ஸ்லீவ் செய்தவர்களுக்கு ஓரளவும் வரும் தொல்லை இது. பாயசம், ஜூஸ், குலாப் ஜாமூன் போன்றவை சிறுகுடலில் திடீரென இறங்கினால் 10–30 நிமிடத்தில் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிசைதல், பேதி. இது முதல் வகை. இரண்டாவது சாப்பிட்டு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் வரும்: சர்க்கரை விர்ரென்று ஏற, இன்சுலின் தேவைக்கு மேல் சுரந்து, சர்க்கரை 70-க்குக் கீழே போய் நடுக்கமும் குழப்பமும். பெரும்பாலும் அறுவை முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகே தலைகாட்டும். அதனால் அறுவை சிகிச்சையோடு யாரும் முடிச்சுப் போடுவதில்லை.

இந்த இரண்டாம் வகைக்கு மாவுச்சத்துக் கட்டுப்பாடுதான் முதல் சிகிச்சை, எடைக்காக அல்ல. வேளைக்கு 30 கிராமுக்குள், இடைத்தீனிக்கு 15 கிராமுக்குள், எப்போதும் புரதத்தோடு சேர்த்து. 60 கிராம் சாதத்தை மீனுக்குப் பிறகு சாப்பிட்டால் ஒன்றும் ஆகாதவருக்கு, அதே சாதத்தை ரசத்தோடு முதலில் சாப்பிட்டால் மயக்கம் வரும். தாழ்சர்க்கரை வந்த நேரத்தில் கைநிறைய வெல்லமோ, ஒரு டம்ளர் ஜூஸோ எடுத்தால் சர்க்கரை மறுபடி எகிறி, இரண்டு மணி நேரத்தில் மறுபடி விழும். 10–15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூன்று டீஸ்பூனுக்குள், எடுத்து, தெளிந்ததும் ஒரு முட்டையோ சிறிது பனீரோ சாப்பிட வேண்டும். இப்படிக் கட்டுப்படுத்தியும் திரும்பத் திரும்ப வந்தால் அகார்போஸ் போன்ற மருந்துகள் இருக்கின்றன; வண்டி ஓட்டுபவர்கள் அதுவரை காத்திருக்காமல் மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

எடை திரும்ப ஏறினால்

எடை மிகத் தாழ்ந்த புள்ளியைத் தொடுவது வழக்கமாக 12–24 மாதத்துக்குள். அதிலிருந்து இரண்டு மூன்று கிலோ ஏறுவது இயல்பு. அதற்கு மேல் ஏறிக்கொண்டே போனால் மாவுச்சத்தைக் குறைப்பதற்கு முன் ஒரு வாரம் சாப்பிட்டது, குடித்தது எல்லாவற்றையும் எடைபோட்டு எழுதுங்கள். சமையலறைத் தராசு இல்லாமல் எழுதும் குறிப்பில் நம்பகத்தன்மை பாதிதான். சர்க்கரை போட்ட டீ நாலு, மிக்சர், மது, இரவு பத்து மணிக்குப் பால் சாதம்: காரணம் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், தைராய்டு குறைபாடு ஆகியவையும் எடை ஏற்றும். எதுவும் அகப்படாமல், ஒரே நேரத்தில் சாப்பிடும் அளவு மட்டும் கூடிக்கொண்டு போனால் எண்டோஸ்கோப்பியோ பேரியம் எக்ஸ்ரேயோ எடுத்து வயிறு விரிந்திருக்கிறதா என்று அறுவை மருத்துவர் பார்ப்பார்.

ஐந்து நாள் திரவ உணவால் வயிறு மறுபடி சுருங்கும் என்ற ‘ரீசெட்’ இங்கேதான் விற்பனையாகிறது. விரிந்த வயிறு திரவ உணவால் சுருங்காது. ஐந்து நாளில் குறைவது நீர். ஆறாம் நாள் பசியோடு பழைய உணவுக்குத் திரும்புவது பெரும்பாலோர் கதை. அதைவிட இரண்டாம் வழியில் 60–80 கிராமை மூன்று மாதம் கடைப்பிடிப்பது பலன் தரும். அப்படியும் அசையவில்லை என்றால் அடுத்த படி கீட்டோ அல்ல, மருந்து. செமக்ளூட்டைடு, டிர்செபடைடு போன்ற ஊசிகளை அறுவைக்குப் பின் எடை ஏறியவர்களுக்கும் மருத்துவர்கள் இப்போது எழுதுகிறார்கள்.

எந்த வழியானாலும் மாறாதவை

வைட்டமின் கணக்கு. மாவுச்சத்தைக் குறைக்கும்போது பருப்பும் பழமும் குறைவதால் ஃபோலேட், மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் இன்னும் இறங்கும். மாத்திரையைத் தவறவிட முடியாது. மல்டிவைட்டமின் தினமும். கால்சியம் நாளுக்கு 1200–1500 மி.கி., 500–600 ஆகப் பிரித்து. லேபிளில் ‘சிட்ரேட்’ என்று இருக்கிறதா பாருங்கள், கடையில் சாதாரணமாகக் கொடுப்பது கார்பனேட், அது கரைய, அறுவையால் நீங்கள் இழந்த இரைப்பை அமிலம் வேண்டும். இரும்பு, மாதவிலக்கு உள்ள பெண்களுக்கும் பைபாஸ், ஸ்லீவ் செய்தவர்களுக்கும் 45–60 மி.கி.; கால்சியத்துக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி, டீயோடு வேண்டவே வேண்டாம். பி12 வாய்வழி 350–1000 மைக்ரோகிராம், அல்லது மாதம் ஒரு ஊசி. வைட்டமின் டி நாளுக்கு 3000 யூனிட் அளவில் தொடங்கி இரத்த அளவைப் பார்த்து மாற்றுவார்கள்.

தயமின் (வைட்டமின் பி1) தனியாகச் சொல்ல வேண்டியது. உடலில் அதன் கையிருப்பு இரண்டு, மூன்று வாரத்துக்குத்தான். சாப்பிட முடியாமல் வாந்தி இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் கையிருப்பு கரைந்து, பார்வை இரட்டையாகத் தெரிதல், நடை தள்ளாடுதல், குழப்பம் வரை போகலாம், நிரந்தரமாகவும் ஆகலாம். அந்த நிலையில் பக்கத்துக் கிளினிக்கில் ‘சோர்வாக இருக்கிறது’ என்று குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவது நிலைமையை இன்னும் மோசமாக்கும். தயமின் ஊசி முதலில், குளுக்கோஸ் பிறகு. அறுவை விவரத்தையும் இந்த ஒரு வரியையும் ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளலாம்; ஊருக்குப் போகும் இடத்தில் பார்க்கும் மருத்துவருக்கு உங்கள் வயிறு எப்படி இருக்கிறது என்று தெரியாது.

ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்பின் கையிருப்பு), பி12, ஃபோலேட், வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன், அல்புமின், கல்லீரல், சிறுநீரகச் சோதனைகள் 3, 6, 12-ஆம் மாதங்களில், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை. உணவு வழியை மாற்றினால் மாற்றிய மூன்றாம் மாதத்தில் கூடுதலாக ஒருமுறை எடுங்கள். அல்புமின் இறங்கியிருந்தால் எடை எவ்வளவு அழகாகக் குறைந்திருந்தாலும் பழைய வழிக்குத் திரும்பிப் புரதத்தைக் கூட்ட வேண்டியதுதான்.